நாய்க்குட்டிக்கு வயிறு சரியில்லை

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். என் கணவர் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஒரு நாய்க்குட்டிக்கு வயிறு சரியில்லாமல் போனதால், ஒரு நல்ல மனிதரை நான் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திய கதை இது. சிரிப்பு வருகிற கதைதான். நானே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்றைக்கும் குரல் இறங்கிவிடும்.

எங்கள் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீடு நிறைய ஆட்கள், எந்நேரமும் பேச்சு. அங்கிருந்து கிளம்பி இந்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தவளுக்கு, ரயில் போன பிறகு விழுகிற அமைதி பழகவே இல்லை. செம்மண் பொட்டல், பத்துப் பன்னிரண்டு பனைமரம், தூரத்தில் ஒரு கண்மாய். ஸ்டேஷன் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு குவார்ட்டர்ஸ். ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் மற்ற ஷிப்ட் மாஸ்டர். அவர் கல்யாணமாகாதவர், டூட்டி முடிந்தால் காரைக்குடிக்கு வண்டி ஏறிவிடுவார்.

என் கணவர் தங்கமான மனுஷர். குரலை உயர்த்த மாட்டார். என்ன சிக்கல் என்றால், குரலைத் திறக்கவும் மாட்டார். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்" என்பார். உப்பு சரியாக இருக்கிறதா என்றால் அதற்கும் "ம்". இரண்டு "ம்"முக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் ஏழு மாதமாக முயற்சி செய்துகொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் இரவு டூட்டி. பகல் டூட்டி வாரத்தில் காலை ஆறு மணிக்குப் போனால் மத்தியானம் வண்டி இல்லாத நேரத்தில் ஓடி வந்து பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடுவார். மற்றபடி மாலை ஆறுக்குத்தான் வீடு. காலை பாசஞ்சர் வருகிற நேரம் டெலிபோனை விட்டு நகர முடியாது என்பதால் காலைச் சாப்பாடு டிபன் டப்பாவில் போகும். எட்டு மணிக்கு பாயிண்ட்ஸ்மேன் வந்து வாங்கிப் போவார். வண்டி போன பிறகு காலி டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பார்.

பாயிண்ட்ஸ்மேன் என்றால் தண்டவாளத்தை மாற்றிவிடுவதிலிருந்து மணி அடிப்பது வரை அந்தச் சின்ன ஸ்டேஷனில் எல்லா வேலையும் அவருக்குத்தான். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த கிராமத்துக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவரோடு அதே ஷிப்டில் வேலை. நான் அவரை "அண்ணே, வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை "அம்மா" என்பார், இருபது வயதுப் பெண்ணை.

தை மாதம் ஒரு நாள் அவர் தோளில் கிடந்த துண்டை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு குட்டி. செவலை நிறம், வயிறு மட்டும் வெள்ளை, இன்னும் சரியாக நிமிராத காது.

"வீட்டு நாயி ஆறு போட்டுச்சும்மா. அஞ்சு போயிருச்சு. நீங்க ஒத்தையில இருக்கீங்களேன்னு கொண்டாந்தேன்" என்றார்.

வாங்கிக் கையில் வைத்ததும் அது என் கட்டைவிரலைச் சப்ப ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு திருப்பிக் கொடுக்க முடியுமா? மாலையில் கணவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்த மாதத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சைப் பேசினார்.

"இருக்கட்டும். ஆனா வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணக் கூடாது. பழகலேன்னா திருப்பிக் குடுத்துரணும். அதுவரைக்கும் பேரு கீரு வைக்காத. பேரு வச்சா அப்புறம் அனுப்ப மனசு வராது."

சரி என்றேன். ஒரு நாய்க்குட்டியைப் பழக்குவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் இரவு டூட்டி. குட்டிக்கு மூன்று வேளையும் குழைந்த சோறும் தண்ணீர்ப் பாலும் வைத்தேன். தின்றதும் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் மண்ணில் விடுவேன். வட்டம் போட்டு மோந்து பார்த்து, காரியத்தை முடித்துவிட்டு, என்னவோ சாதித்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கும். ஆறே நாளில் தானாகவே கொல்லைக் கதவுக்குப் போய் நின்று முனகியது. அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், எங்கள் குட்டி மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பாடம் கற்றுக்கொள்கிறது என்று.

கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது. பகல் டூட்டி வாரம் தொடங்கியது. எல்லாம் கெட்டது.

கதவுக்கு ஓடும். பாதி வழியிலேயே போய்விடும். அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பின்னால், கட்டிலுக்கடியில், செருப்பில். அதுவும் கெட்டியாக இருந்தால் சாம்பல் போட்டு அள்ளிவிடலாம். தண்ணீராகப் போனால் என்ன செய்வது? சாம்பல் தீர்ந்தது, பினாயில் தீர்ந்தது, என் பொறுமையும் தீரப் பார்த்தது. குட்டியோ கொஞ்சமும் சோர்ந்துபோகவில்லை. நான் துடைக்கிற துணியின் முனையைக் கவ்விக்கொண்டு விளையாட வந்தது.

ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வசம்பை உரசி நாக்கில் தடவினேன். மாதுளந்தோலைக் காய்ச்சிக் கொடுத்தேன், அதை என் புடவையிலேயே துப்பியது. தயிர் கொண்டுவருகிற பெண், "மூக்கப் புடிச்சு அதுலயே தேயிங்க, அப்பத்தான் ரோசம் வரும்" என்றாள். ஒரு தடவை அப்படிச் செய்தேன். குட்டிக்கு ரோசம் வரவில்லை. கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் அழுகை வந்தது. மறுபடி அதைச் செய்யவில்லை.

அடுத்து இரவு டூட்டி வாரம். இப்போது வேறு கூத்து. பாலும் சோறும் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு நாள் வெளிக்கே போகவில்லை. பின்னங்காலை மடக்கி, முதுகை வளைத்து, முக்கி முக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். நானும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் கொடுத்த பிறகு விடிவு வந்தது. நான் கைதட்டினேன். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் எழுந்து வந்து என்ன என்று கேட்டார். "போயிருச்சுங்க" என்றேன். "ம்" என்று திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். ஆனால் அந்த "ம்" கொஞ்சம் சந்தோஷமாக இருந்த மாதிரி பட்டது.

மறுபடி பகல் டூட்டி. மறுபடி தண்ணீர்.

பகல் டூட்டி வாரத்தில் எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குச் செபமாலை சொல்வோம். மாதா படத்துக்கு முன்னால் பாயை விரித்து இருவரும் முழந்தாளிடுவோம். அந்த வாரம் ஒரு நாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குட்டி பாய்மேல் வந்து ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செபத்தை நடுவில் நிறுத்தலாமா கூடாதா என்று நான் யோசிப்பதற்குள் முடிந்துவிட்டது. கணவர் கண்ணைத் திறக்கவில்லை. வாசனை மூக்கை எட்டியிருக்கத்தான் வேண்டும். முழங்காலை மட்டும் அரை அடி இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் மிச்சத்தையும் சொல்லி முடித்து, சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாரு. அப்புறம் திருப்பிக் குடுத்துரு" என்றார். சொல்லும்போது என்னையும் பார்க்கவில்லை, குட்டியையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் துப்பறிய ஆரம்பித்தேன். இரண்டு வாரம் பகல் டூட்டி, இரண்டு வாரமும் பேதி. இரவு டூட்டியில் பேதி இல்லை. அப்படியென்றால் பகல் டூட்டி வாரத்தில் வீட்டுக்கு வெளியே யாரோ கண்டதையும் கொடுக்கிறார்கள். யார்? காலை எட்டு மணிக்கு பாயிண்ட்ஸ்மேன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினால் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடும். கொஞ்ச நேரம் கழித்து, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு திரும்பி வரும். இரவு டூட்டி வாரத்தில் அவரும் பகலில் ஸ்டேஷனில் இருப்பதில்லை. கணக்கு அச்சாகப் பொருந்தியது. அவர் சோற்றுப் பொட்டலத்தில் எப்போதும் கருவாடு இருக்கும், அந்த வாசனையை நானே அறிவேன்.

கேட்டிருக்கலாம். "அண்ணே, குட்டிக்கு ஏதாவது கொடுக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்கிற பெருமையே போதுமாக இருந்தது.

இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கணவருக்கு நாலு இட்லி வைப்பேன், மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்து. அந்த மாதம் டப்பா கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று வர ஆரம்பித்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒட்டியிருக்காது. பாவம், பசி அடங்கவில்லை போல என்று ஆறு வைத்தேன். அதுவும் காலி. எட்டு வைத்தேன். எட்டும் காலி. வாய் திறந்து சொல்லாவிட்டால் என்ன, என் கைப்பக்குவத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா என்று பொடியை இன்னும் பார்த்துப் பார்த்து வறுத்து இடித்தேன்.

அந்தப் புதன்கிழமை காலை. கணவருடைய டூட்டி வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கஞ்சி போட்டு, வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் காயப்போட்டிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து குட்டி ஓடி வந்தது. கட்டில்மேல் தாவியது. ஒரு வட்டம். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் கோட்டின் முதுகு முழுக்க மஞ்சளாகிவிட்டது.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஒரு கையில் கோட்டு, ஒரு கையில் குட்டி, நேரே பிளாட்பாரத்துக்குப் போய்விட்டேன். காலை பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. தயிர்ப் பானைக்காரப் பெண்கள், திருமயத்துக்குப் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாரும் இருந்தார்கள். எஞ்சின் நீராவி விட்டுக்கொண்டு இரைந்தது. கணவர் உள்ளே டெலிபோனில் இருந்தார். பாயிண்ட்ஸ்மேன் மணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நீதானே இதுக்குக் கண்ட கருவாட்டையும் போட்டு வயித்தக் கெடுக்கிற? நான் ராவும் பகலும் அள்ளிக் கொட்டிக்கிட்டு இருக்கேன். நீ குடுத்ததுதானே, நீயே கொண்டுபோ. இனிமே என் வீட்டு வாசப்பக்கம் இதக் கொண்டாராத."

"நீ" என்று சொன்னேன். அதுவரை ஒரு நாளும் சொல்லாத சொல். வாயிலிருந்து வெளியே போன பிறகுதான் எனக்கே கேட்டது. ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

அவர் என் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். ஆபீஸ் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் குட்டியை வாங்கிக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான். குட்டி அவர் தாடையை நக்கியது.

மாலையில் கணவரிடம், "குட்டியத் திருப்பிக் குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். எப்படிக் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிராமலே "ம்" என்றார். அன்று வீடு சுத்தமாக இருந்தது. பினாயில் வாசனைகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக ஒரு வீடு இருந்தால் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை டிபன் டப்பா திரும்பி வந்தது. வழக்கம்போல் பாயிண்ட்ஸ்மேன்தான் கொண்டுவந்தார், வழக்கம்போல் "இந்தாங்கம்மா" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திறந்தால் உள்ளே நாலு இட்லி மிச்சம். குட்டி போன வருத்தம் போல என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையும் நாலு மிச்சம். என்மேல் கோபம் போல என்று நினைத்தேன். சனிக்கிழமை பொடியை மாற்றி, தேங்காய்ச் சட்னி அரைத்து வைத்தேன். அதிலும் நாலு மிச்சம். சட்னி தொட்டுக்கொண்ட நாலு போக, சட்னி படாத நாலு ஓரமாக அடுக்கியபடி இருந்தது.

அன்று மாலை அவர் கை கால் கழுவி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் மூணு நாளா நாலு இட்லிய மிச்சம் வைக்கிறீங்க?"

"நான் எப்பவும் நாலுதானே சாப்பிடுவேன்."

எனக்குப் புரியவில்லை. "எட்டு வச்சேன், எட்டும் காலியாகி வந்துச்சே?"

அவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், காதைச் சொறிந்தார். பிறகு மெல்ல, "மிச்சம் நாலு துரைக்கு" என்றார்.

"துரையா? யாரு துரை? புதுசா ஸ்டேஷனுக்கு யாரும் வந்திருக்காங்களா?"

அவர் முகம் சிவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேர் வைக்காதே என்று எனக்குச் சட்டம் போட்ட மனுஷர், ஆபீஸ் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு அதற்குத் துரை என்று பேர் வைத்து, தன் டப்பாவிலேயே சாப்பாடும் போட்டிருக்கிறார். நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியுமாக நாலு இட்லி, இரண்டு மாதக் குட்டிக்கு. கடைசியில் டப்பாவையும் நக்கக் கொடுத்திருக்கிறார். என் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த சான்றிதழில் பாதி நாயின் நாக்கு எழுதியது.

"எதிர்ல வந்து உக்காந்துக்கும். கண்ண எடுக்காமப் பாக்கும். எப்படி ஒத்தையாத் திங்கிறது? அது வயித்துக்கு ஆகாதுன்னு எனக்கு எங்க தெரியும்?" என்றார்.

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், பல் தெரிய. அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் எனக்குப் பிளாட்பாரம் ஞாபகம் வந்தது. மணிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர், ஆபீஸ் கதவை ஒரு தடவை பார்த்தது ஞாபகம் வந்தது.

"நான் அந்த அண்ணன வஞ்சிட்டேங்க. கருவாடு போட்டது நீதான்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"புதன்கிழமை. வண்டி நிக்கும்போது."

"எல்லார் முன்னாலயுமா?"

தலையாட்டினேன். அவர் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். பிறகு, "நாளைக்கு லீவுதான். போயிட்டு வருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரைமேல் இரண்டு மைல் நடந்தோம். பாயிண்ட்ஸ்மேனுடைய வீடு ஊர்க் கோடியில், கூரை வீடு. அவர் மாட்டைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போயிருந்தார். அவருடைய மனைவி வாசலில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வாங்க என்று சொன்னார், ஆனால் வைக்கோலைக் கீழே போடவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். தப்பு எங்கள் வீட்டில்தான், தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன்.

"எங்க வீட்டுக்காரு ஒண்ணும் சொல்லலைங்க. தயிரு விக்கப் போன சனம் வந்து சொல்லுச்சு" என்றார் அந்த அம்மாள். "புள்ளைங்க காதுலயும் விழுந்துச்சு. 'ஏம்ப்பா ஒன்னயத் திட்டினாங்களாமே'ன்னு கேட்டுச்சுங்க. அவரு சிரிச்சுக்கிட்டே படுத்துட்டாரு. சோறு திங்கல."

நின்றுகொண்டே இருந்தேன். என் கணவரும் என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் வைக்கோலைப் போட்டுவிட்டு, பனை ஓலைப் பாயைத் தட்டி விரித்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்று மோர் கொண்டுவந்தார்.

அப்போது கொல்லையிலிருந்து துரை வந்தது. தாய் நாயோடு வந்தது. எங்களைப் பார்த்ததும் காது இரண்டும் பின்னால் போக ஓடி வந்து, முதலில் என் கணவர் மடியில் ஏறி, அவர் சட்டைப் பையை மோந்து பார்த்தது. கேழ்வரகுக் கூழும் மோரும் தின்று வயிறு கெட்டியாக இருந்தது. நாலு நாளில் ஒரு தடவைகூட வீட்டு வாசலில் அசிங்கம் செய்யவில்லையாம். "ஆத்தாக்காரி போற வேலியோரந்தான் இதுவும் போவுது. அதுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்?" என்றார் அந்த அம்மாள். ஓமம், வசம்பு, மாதுளந்தோல் என்று நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். விளக்கெண்ணெய்க்குக் கைதட்டினதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் எனக்கு மோர் இறங்கியது.

பாயிண்ட்ஸ்மேன் மாட்டோடு திரும்பினார். எங்களைப் பார்த்துப் பதறிப்போய் மேல்துண்டைத் தேடினார். கணவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்ல, இட்லி குடுத்தது யாருன்னு?"

"தெரியுங்கம்மா."

"பின்ன ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அடங்கியிருப்பேனே."

அவர் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். "அய்யா யாருகிட்டயும் வாய் விட்டுப் பேச மாட்டாங்க. அந்தக் குட்டிகிட்டத்தான் பேசுவாங்க. கதவச் சாத்திக்கிட்டு. நான் அதப் போயி வண்டிக்கு முன்னால நின்னுக்கிட்டுச் சொல்லலாமா?"

"என்ன பேசுவாங்க?"

"நான் நின்னு கேக்கறதில்லைங்க" என்று கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒரு நா டப்பா எடுக்கப் போகையில காதுல விழுந்துச்சு. 'இன்னிக்குப் பொடி கொஞ்சம் காரந்தான். ஆனா இது மாதிரி நான் எங்கயும் தின்னதில்லடா'ன்னாங்க."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாயின் காதை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

துரையைக் கொடுக்க அவர்கள் பிள்ளைகளுக்கு மனசில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு தூக்கி வந்தோம்.

வீட்டில் மன்னிப்புக் கேட்டது வீட்டோடு போயிற்று. திட்டியது பிளாட்பாரத்தில் அல்லவா? திங்கட்கிழமை கணவருக்கு இரவு டூட்டி தொடங்க வேண்டியது. பாயிண்ட்ஸ்மேனும் இரவுக்குத்தான் வருவார். அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அடுத்த திங்கள் காலை பாசஞ்சர் வருகிற நேரம் தலையை வாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். கோபத்தில் போகும்போது இந்தத் தூரம் இவ்வளவு இருந்ததாகவே தெரியவில்லை.

அதே தயிர்க்காரப் பெண்கள். அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு உங்கள நான் பேசினது தப்பு. நாய்க்கு நீங்க எதுவும் குடுக்கல. விசாரிக்காமப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவர் வெட்கத்தில் நெளிந்துபோனார். அப்போது ஆபீஸ் அறையிலிருந்து என் கணவர் வெளியே வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "குடுத்தது நான்தான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. அந்த ஸ்டேஷனில் அவர் குரலை அவ்வளவு சத்தமாக அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து ரயில் கார்டு எட்டிப் பார்த்தார். தயிர்க்காரப் பெண் ஒருத்தி, "என்னத்தங்க குடுத்தீங்க?" என்று கேட்க, "இட்லி" என்று அவர் சொல்ல, பெட்டி முழுக்கச் சிரித்தது.

பாயிண்ட்ஸ்மேன் என் பக்கம் குனிந்து, "போதுங்கம்மா. நேரமாச்சு, மணி அடிக்கணும்" என்றார். அடித்தார். அன்றைக்கு வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. அதற்கு என்ன காரணம் எழுதினீர்கள் என்று கணவரைக் கேட்டேன். கடைசி வரை சொல்லவில்லை.

அதன் பிறகு துரைக்குக் கூழும் மோரும் சோறும்தான். கணவர் ஸ்டேஷன் மாஸ்டர் அல்லவா, அதற்கும் ஒரு கால அட்டவணை போட்டார். சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்தில் வேலியோரம். இரண்டே வாரத்தில் எங்கள் ரயில்களைவிட அது நேரம் தவறாமல் நடந்தது. பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தது, நாலு ஊர் மாறியது. தாமதமாகப் பிறந்த எங்கள் மகள் அதன் வாலைப் பிடித்துத்தான் நடக்கக் கற்றாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ விஷயங்களில் எனக்குக் கணக்கு அச்சாகப் பொருந்தியிருக்கிறது. மருமகன்மேல், பக்கத்து வீட்டுக்காரர்மேல், வேலைக்கு வருகிற பெண்மேல். அப்படிப் பொருந்தும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வருமே, அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் எனக்கு இன்றைக்கும் பயம். அது வந்த உடனே வாயை மூடிக்கொண்டு, போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.